வலது பக்கத்து சீட்

என் மகனுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வழக்கமாக நீ எழுதுவது அரைப் பக்கம். அதிலும் பாதி, அங்கே மழையா, இருமல் எப்படி என்று முடிந்துவிடும். இந்தத் தடவை கவர் கனமாக இருந்ததால் வாசலிலேயே நின்று பிரித்தேன். படித்த பிறகுதான் மூச்சு வந்தது. மருமகள் தேவி நன்றாக இருக்கிறாள், உன் வேலைக்கும் ஒன்றுமில்லை, எழுதியிருப்பதெல்லாம் அந்தக் காரைப் பற்றித்தான். மறுவீட்டு விருந்துக்குப் போய் வந்ததிலிருந்து அப்பா உனக்கு ஒரு வரி எழுதவில்லை, உன் மேல் கோபமாக இருக்கிறார், எல்லாவற்றுக்கும் அந்த அமெரிக்கக் கார்தான் காரணம், விற்றுவிடவா அம்மா என்று கேட்டிருக்கிறாய். அதை அப்பாவிடம் இன்று காலைதான் கேட்டேன். அவர் பதில் சொல்லிவிட்டார். அதை மட்டும் எழுதி ஒட்டி அனுப்பினால் உனக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. அன்றைக்கு நீ பின்சீட்டில் இருந்ததால் பார்க்காதது கொஞ்சம், கொழும்பில் இருப்பதால் தெரியாதது கொஞ்சம் இருக்கிறது. அவற்றைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். சமையலை முடித்துவிட்டேன். நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் நான் நிம்மதியாக உட்கார்ந்து வெகு காலமாயிற்று.

ஏன் என்று சொல்கிறேன். அப்பாவின் வலது கால் மரத்துப்போக ஆரம்பித்துக் கொஞ்சக் காலமாகிறது. ஓட்டுவதை விடச் சொன்னார் டாக்டர், நானும் சொல்லிப் பார்த்தேன். உனக்குச் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. நானும் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அதட்டி வளர்த்தவள்தான், ஆனால் உன் அப்பாவை அதட்டி எனக்குப் பழக்கமில்லை. படுக்கும்போது எண்ணெய் தேய்த்துவிடுவேன். "இங்க படுதா, இங்க படுதா" என்று கேட்டுக்கொண்டே தேய்ப்பேன். முழங்காலுக்குக் கீழே வந்ததும் பதில் வராது, தூங்குகிறவர் மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வார். விடிந்தால் பழையபடி சட்டையை மாட்டிக்கொண்டு தன் பழைய ஒஸ்டின் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு வட்டவளைச் சந்திக்குப் போய்விடுவார். ஒருநாள் மதகுச் சுவரில் காரை உராய்த்துவிட்டு வந்தார். கேட்டால், சுவரை ரோட்டுக்குள் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள் என்றார். அந்தச் சுவர் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதே இடத்தில்தான் நிற்கிறது. அதன் பிறகு அவர் ஹயர் போன நாளெல்லாம், கீழ் ரோட்டில் அவருடைய ஹோர்ன் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. அவர் ஓட்டுவதை விட வேண்டும், ஆனால் யாரும் பிடுங்கி விட்டதாக இருக்கக்கூடாது. என் ஆசையெல்லாம் அதுதான். சாமியிடம்கூட அதைத்தான் கேட்டேன்.

விடு என்றால் விடுகிற ஆளா அவர்? தோட்டத்து லொறியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்தமாக ஒரு ஹயர் கார் வாங்கி, அட்டன் மலையில் ஓடிய மனிதர். அவர் இன்னொருவர் ஓட்டும் காரில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. டயகமையில் அவருடைய கூட்டாளி தவறிப்போனபோது, கூட்டாளியின் மகன் தன் காரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தி, முன்கதவைத் திறந்துவிட்டு நின்றான். ஒஸ்டின் அன்றைக்குப் பட்டறையில். இவர் அந்த இடது பக்கத்து சீட்டைக் குனிந்து பார்த்தார், நன்றி தம்பி என்றார், மழைக்குள் இறங்கி நடந்துபோய் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். டிரைவர் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாதாம். இப்படிப்பட்டவரிடம்தான் நீ அந்தச் செம்மஞ்சள் பூதத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாய்.

அது வந்த நாளை என்னால் மறக்க முடியாது. நாடு விட்டுப் போகிற ஒரு வெள்ளைக்காரர், எவரும் சீந்தாத காரை உன் பட்டறையில் தள்ளிவிட்டுப் போக, நீ அதைச் செப்பனிட்டு மலையேற்றி வந்தாய். சத்தம் கினிகத்தேனையிலேயே கேட்டிருக்கும். பொனட்டில் இரண்டு கறுப்புப் பட்டை, இரண்டே கதவு, ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதால் பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் ட்ரைவ்' என்று வெள்ளைப் பெயின்ட். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார், டிக்கியைக் கையால் அமுக்கிப் பார்த்தார், கடைசியில் பொனட்டின் நீளத்தை எட்டிவைத்து அளந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் நான்தான் தபால்காரி.

மூக்குக்கு முன்னால் இவ்வளவு நீளம் இருந்தால் முடக்கு வளைவில் எப்படித் திருப்புவது என்று அவர் அடுப்படியில் கேட்பார். நான் வாசலுக்கு வந்து உன்னிடம் சொல்வேன். ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பலாம், பவர் ஸ்டியரிங் என்று நீ சொல்வாய். நான் உள்ளே போய்ச் சொல்வேன். ஒரு விரலால் திருப்புகிறவனுக்கு ரோடு எப்படித் தெரியும், ரோடு கைக்குள் வந்து சொல்ல வேண்டாமா என்பார். எட்டு சிலிண்டர், எந்த ஏற்றத்திலும் கியர் மாற்றத் தேவையில்லை என்பாய் நீ. பாரமெல்லாம் முன்னால் இருக்கிறது, பின்பக்கம் வெறும் காற்று, மழை ரோட்டில் மிதித்தால் வால் முந்திக்கொண்டு போகும் என்பார் அவர். பெட்ரோலைக் குடிக்கும் என்பார். சீட் எவ்வளவு சுகம் பாருங்கள் என்பாய். இரண்டு கதவை வைத்துக்கொண்டு ஹயர் ஓட முடியுமா என்பார். ஹயர் ஓட யார் வாங்கினது என்பாய். நடுவில் நான் என்ன செய்தேன் தெரியுமா? "அவனுக்கு என்ன தெரியும்" என்று அவர் சொன்னதை, "கவனமாக ஓட்டச் சொன்னார்" என்று உன்னிடம் சொன்னேன். "அப்பா அந்தக் காலத்து ஆள்" என்று நீ சொன்னதை, "உங்களைக் கேட்டுத்தான் செய்வானாம்" என்று அவரிடம் சொன்னேன். அந்தப் பொய்யெல்லாம் இல்லாவிட்டால் உன் கல்யாணத்துக்கு அவரைப் பட்டு வேட்டி கட்ட வைத்திருக்க முடியாது.

மறுவீட்டு விருந்துக்கு இறம்பொடைக்கு எதில் போவது என்று கடைசி நாள்வரை இழுபறி. பெண் வீட்டுக்குப் புது மாப்பிள்ளை ஓட்டை ஒஸ்டினிலா போவது என்று நான்தான் முடித்துவைத்தேன். எனக்கு முடக்கில் தலை சுற்றும், முன்னால்தான் உட்கார வேண்டும். ஆகவே நீ இடது பக்கம் ஸ்டியரிங்கோடு, நான் வலது பக்கம் கையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா முழங்காலை மடக்கிக்கொண்டு தேவியோடு பின்னால். தலவாக்கலையில் பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, நேராக என் பக்கம் வந்து, சிங்களத்தில் என்னிடம் லைசன் கேட்டாரே! நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டியதும் அவர் உள்ளே ஸ்டியரிங்கைத் தேடினார் பார். தேவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்பாகூடச் சிரித்தார். ஏற்றம் முழுக்க உன் கார் மூச்சு வாங்காமல் ஏறியது. அவர் அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு என்று நீ இத்தனை வயதுக்குத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நுவரெலியாவில் தேநீர் குடித்தோம். அங்கேதான் அவர் உன் முன்னால் கையை நீட்டினார்.

"ஏத்தம் ஏற இஞ்சின் போதும். எறக்கத்துக்குத்தான் டிரைவரு வேணும். சாவியக் குடு."

நீ என்னைப் பார்த்தாய். புதுப் பெண்டாட்டி முன்னால் அப்பாவோடு வாதாட வேண்டாமென்று சாவியைக் கொடுத்தாய். அவருடைய கால் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. "ஏங்க" என்று தொடங்கினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நீ பின்னால் போனாய், நான் முன்னால் என் இடத்திலேயே உட்கார்ந்தேன்.

லபுக்கலை வரைக்கும் எனக்கு உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. முன்னால் தோட்டத்து லொறி ஒன்று உறுமிக்கொண்டு போயிற்று. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு லொறியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. எதிரே வருவது வலது பக்கம் இருக்கிற எனக்குத்தான் தெரியும். அவர் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், "வரலாமா?" என்று என்னைக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து ரோட்டு விஷயத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி. நான் தலையை நீட்டிப் பார்த்து, பொறுங்கள் என்றேன், ஒரு வேன் போனபிறகு, இப்போது வாங்க என்றேன். அவர் லொறியை முந்தி வந்தார். எனக்கு ஏதோ பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது.

அதற்குக் கீழே இறக்கம் நீண்டது. அப்போது அவர் இந்த மலையில் எல்லா ஹயர்காரரும் செய்வதைச் செய்தார். பெட்ரோலுக்கு வரிசை நின்ற காலத்தில் பிடித்த பழக்கம் அது. இறக்கம் கண்டால் நியூட்ரலில் போட்டுச் சாவியை அணைத்துவிட்டு, பெட்ரோலே இல்லாமல் அடிவாரம் வரை விட்டுவிடுவார்கள். ஒஸ்டினில் அதில் ஒரு கெடுதலும் இல்லை, அதன் பிரேக் இஞ்சினைக் கேட்டு வேலை செய்வதில்லை; உன் காரில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் இஞ்சின் ஓடினால்தான் இளகும். இவர் யோசித்தே செய்திருக்க மாட்டார், கை தானாகப் போயிருக்கும். சத்தம் சட்டென்று நின்றது. அருவி விழுகிற இரைச்சல் கேட்டது. நீ தேவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினாய். முதல் தரம் பிரேக் பிடித்தது. இரண்டாம் தரம் அரைகுறை. மூன்றாம் தரம் அவர் மிதித்தபோது கால் கல்லில் மிதித்த மாதிரி நின்றுவிட்டது. ஒரு விரலால் திரும்புகிற ஸ்டியரிங் இரண்டு கையாலும் அசையவில்லை. முன்னால் முடக்கு, முடக்கில் ஏறி வருகிற பஸ்.

நீ சீட்டுகளுக்கு நடுவில் தலையை நீட்டிச் சொன்னது இன்னமும் என் காதில் இருக்கிறது. நீ கத்தவில்லை.

"அம்மா, அந்தச் சாவியத் திருப்புங்க. அப்பா, கால எடுக்காம மிதிங்க."

என் கை பக்கத்தில்தான் சாவி இருந்தது. திருப்பினேன். அந்தப் பூதம் உறுமிய உறுமலைக் கேட்டு நான் கடவுளே என்று கும்பிட்டேன், அது பொய்யில்லை. பிரேக் இளகியது, ஸ்டியரிங் திரும்பியது. கார் பஸ்ஸுக்கு முன்னால் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நீ உடனே தேவி பக்கம் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். செய்ய வேண்டியதுதான். ஆகவே முன்சீட்டில் நடந்ததை நீ பார்க்கவில்லை.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கிழி கிழி என்று கிழித்தார். இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்று தெரியாதா, உனக்கெல்லாம் யார் லைசன் கொடுத்தது, வீட்டில் அடுப்பைப் பார்க்க வேண்டியதுதானே என்றார். அவருக்குத் தெரிந்தது வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பொம்பிளைதானே. நான் கையெடுத்து, "சமாவென்ன மாத்தயா, மன்னிச்சிருங்க" என்று இரண்டு பாஷையிலும் சொன்னேன். பஸ் போயிற்று. திரும்பிப் பார்க்கிறேன், அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருக்கிறார். இத்தனை வருஷத்தில் ரோட்டில் ஒருவரிடமும் பேச்சு வாங்காத மனிதர். அன்றைக்கு அவருக்கு வர வேண்டிய பேச்சு முழுவதும் எனக்கு வந்ததைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அவருடைய வலது கால் இன்னும் பிரேக் மேலேயே கிடந்தது. எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பிரேக்கு கெட்டியானாலும் பலமா மிதிச்சா நிக்கும் புள்ள. மிதிக்க எனக்குக் கால் இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தினால் வந்த அழுகை இல்லை. நான் சொன்னால் கேட்காத, டாக்டர் சொன்னால் கேட்காத மனிதர், தன் வாயால் அதைச் சொல்லிவிட்டார். இனி யாரும் அவரிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டியதில்லை. நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அந்த முடக்கிலேயே இறங்கிவிட்டது. ஆகவே நீ உன் காரைத் திட்டாதே. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதை அணைத்தது நாங்கள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ நினைத்த மாதிரி இல்லை. "நீ ஓட்டு" என்று இறங்கினார், முகத்தைக் காட்டவில்லை. நீ அதைக் கோபமென்று நினைத்தாய். நான் பின்னால் தேவியிடம் போனேன். அவர் காரைச் சுற்றி வந்து, கால் பழகிய பக்கமாகவே வந்து, வலது கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் முன்னால் ஸ்டியரிங் இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும். கையை முழங்காலில் வைத்துக்கொண்டார். நாலு முடக்கு கடந்தது. ஐந்தாவதில் ஒரு மரக்கறி லொறி குறுக்கே வந்தது. நீ தயங்கினாய். "பொறு" என்றார். கொஞ்சம் கழித்து, "இப்பப் போ" என்றார். அப்புறம் இறம்பொடை வரைக்கும் பொறு, போ, அமுத்து, விடு என்று ஒரே உத்தரவுதான். எதிரே வந்த லொறிக்காரர் ஒருவர், பழைய பழக்கக்காரர், அப்பாதான் ஓட்டுகிறார் என்று நினைத்துக் கையைத் தூக்கினார். இவரும் ஓட்டுகிற ஆள் மாதிரியே ஒரு விரலை மட்டும் தூக்கினார். சம்பந்தி வீட்டில் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாரே, அது கோபத்தில் இருக்கிறவன் சாப்பாடா?

அதற்குப் பிறகு இத்தனை வாரம் அவர் உனக்கு எழுதாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. அவர் ஒஸ்டினோடு பேசிக்கொண்டிருந்தார். தினமும் கழுவினார், துடைத்தார், சந்திக்குக் கொண்டுபோய் நிறுத்தினார், ஹயர் வந்தால் செல்வத்தை அனுப்பினார். அதே ஸ்டாண்டில் நிற்கிற பையன்தான், உனக்குத் தெரியும். நேற்று நடந்து வீட்டுக்கு வந்தார். கையில் கார் சாவி இல்லை. செல்வத்துக்கே கொடுத்துவிட்டேன், நல்ல பையன், இறக்கத்தில் அணைக்காதே என்று சொல்லித்தான் கொடுத்தேன் என்றார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பின்பக்கம் போய்க் கொஞ்சம் அழுதேன். நேற்று இரவு தூங்கிய மாதிரி நான் கடைசியாகத் தூங்கியது நீ பிறப்பதற்கு முன்னால்தான் இருக்கும்.

இதிலிருந்து உனக்கு என்ன சொல்ல வருகிறேன் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவரை இறக்கி உட்கார வைக்க வேண்டியிருந்தால், அவர் உட்கார ஒரு இடம் வைத்துவிட்டு இறக்கு. நானும் டாக்டரும் அவரை விடச் சொன்னோமே தவிர, விட்டுவிட்டு எங்கே உட்காருவது என்று ஒருவரும் சொல்லவில்லை. நீ அந்தக் காரை வாங்கும்போது அப்படியெல்லாம் நினைத்து வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும், பவுசுக்குத்தான் வாங்கினாய். இருந்தாலும் அமைந்துவிட்டது. இன்னொன்று, அங்கே வலது பக்கம் தேவிதானே உட்காருகிறாள். அவள் பொறுங்கள் என்றால் பொறு. உனக்குத் தெரியாத ரோடு அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல அவள் கூச்சப்பட்டால் நீயே கேள், கேட்டுப் பழக்கு. என்னைக் கேட்க உன் அப்பாவுக்கு எவ்வளவு காலம் பிடித்தது பார்த்தாயா.

இனி பதிலுக்கு வருகிறேன். இன்று காலை அவர் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். கார் பெட்ரோல் குடிக்கும் என்று தான் சொன்னது சரிதானே என்று கேட்டார். பின் டயர் இரண்டையும் மாற்றச் சொன்னார். மழை நாளில் வருவதானால் டிக்கியில் இரண்டு மூட்டை மணல் போட்டுக்கொண்டு வரவேண்டுமாம், அப்போதுதான் வால் அடங்குமாம். தர்க்கத்தில் அவர் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை, அதை நீ எதிர்பார்க்கவும் வேண்டாம். நான் விடவில்லை. விற்கச் சொல்லவா வேண்டாமா, பிள்ளைக்கு ஒரு பதில் எழுத வேண்டுமே என்றேன். அவர் வலது காலைத் தடவிக்கொண்டே கீழ் ரோட்டைப் பார்த்தார்.

"வித்துட்டா நான் எங்க ஒக்கார்றது?" என்றார்.

அவ்வளவுதான். தீபாவளிக்குக் காரிலேயே வாருங்கள். சந்திக்கு வந்ததும் தேவியைப் பின்சீட்டுக்கு மாறச் சொல். அவர் அங்கே காத்துக்கொண்டு நிற்பார்.

அம்மா